நம்ம ஊர் வெக்கையில் குட்டி சக்குலன்ட் வளர்க்க: கேள்வி பதில்

மதுரையில் மொட்டைமாடியில் பத்து வருஷமாக சக்குலன்ட், அதாவது இலையிலும் தண்டிலும் தண்ணீர் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுள்ள செடிகள், வளர்க்கிறேன். பெரிய செடியைவிட, இலையிலிருந்தும் விதையிலிருந்தும் வந்த குட்டிகளைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (வேளச்சேரி): அக்கா, ஊட்டியிலிருந்து ஆறு எச்சவேரியா (ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிய சக்குலன்ட்) வாங்கி வந்தேன். தை மாதம் வரை அழகாக இருந்தது. வாரம் ஒரு தடவைதான் தண்ணீர். சித்திரையில் இலை கண்ணாடி மாதிரி ஆகி ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டது. என்ன தப்பு செய்தேன்?

பதில்: வாரம் ஒரு தடவை என்பது மார்கழிக்குச் சரியான கணக்கு. சித்திரையில் அதுவே அதிகம். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் செடிகள் பிழைத்துவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எச்சவேரியா வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு மெக்சிகோவின் மலைப்பகுதிதான் சொந்த ஊர். பகலில் வெயில் அடித்தாலும் ராத்திரி நன்றாகக் குளிர்ந்துவிடும். இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், ராத்திரியில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேமித்துவைக்கும், மறுநாள் வெளிச்சத்தில் அதை எடுத்து உணவு தயாரிக்கும். ரணகள்ளி இலை விடியற்காலையில் புளிக்கும், மத்தியானம் சப்பென்று ஆகிவிடும் என்று பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் எழுதியிருக்கிறார். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்தவர். அவருடைய கடிதம் 1813இல் லண்டனில் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. நம் பக்கத்துத் தோட்டத்தில் கவனித்த ஒரு புளிப்பிலிருந்து இவ்வளவு பெரிய விஷயம் வெளியே வந்தது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். (நீங்கள் மென்று பார்க்காதீர்கள், அந்தச் செடியில் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு உண்டு.)

இப்போது சென்னைக்கு வாருங்கள். மே மாதத்தில் ராத்திரியும் வெக்கை தணிவதில்லை, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களும் உண்டு. ராத்திரி குளிராவிட்டால் செடி வேலை செய்யாமல் அப்படியே நின்றுவிடுகிறது, தண்ணீரையும் இழுப்பதில்லை. நாம் விட்ட தண்ணீர் சூடான தொட்டியில் தேங்கி நின்று வேரை அழுகவைக்கிறது. எனக்கும் இது நடந்திருக்கிறது. மூன்றாவது வருஷம், அக்னி நட்சத்திரத்தில், பாவம் வாடுகிறதே என்று ஒரு மாலை நேரம் எல்லாத் தொட்டிக்கும் நிறைய ஊற்றினேன். நாலு நாளில் பதினொரு செடி போய்விட்டது.

அதனால் பங்குனியிலிருந்து ஆடி வரை கிழக்கு வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள், அல்லது ஐம்பது சதவீத பசுமை வலைக்குக் கீழே, காற்று ஓடும்படி. பெரிய செடிக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கொஞ்சமாகத் தண்ணீர் போதும், அதுவும் தொட்டி ஆறிய பிறகு, இருட்டும் நேரத்தில். ஏதாவது ஒன்று மிச்சம் இருந்தால் அதன் தலையை, தண்டில் கறுப்பு இல்லாத இடத்தில் வெட்டி, நாலைந்து நாள் நிழலில் காயவைத்துப் புது மண்ணில் வையுங்கள். பிழைக்க வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி (திருச்சி): சக்குலன்டுக்குத் தண்ணீரே காட்டக்கூடாது என்றார்கள். இலையிலிருந்து வந்த குட்டி எல்லாம் காய்ந்து சருகாகிவிட்டதே?

பதில்: அந்த அறிவுரை வளர்ந்த செடிக்கு உரியது. கடுகு அளவு குட்டிக்கு இலையில் எவ்வளவு தண்ணீர் சேர்த்துவைக்க முடியும், சொல்லுங்கள்? வேரும் நூல் மாதிரி, மேல்மண்ணில்தான் இருக்கும், அந்த மண் ஒரே நாளில் காய்ந்துவிடும். இலையைத் தாய்ச்செடியிலிருந்து கிழியாமல் திருகி எடுத்து, நாலு நாள் காயவைத்து, மண்மேல் சும்மா படுக்கவையுங்கள். இளஞ்சிவப்பு வேர் எட்டிப்பார்க்கும் வரை தண்ணீர் வேண்டாம். வேர் வந்ததும் அதன்மேல் சிட்டிகை மண் தூவி, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை லேசாக ஈரப்படுத்துங்கள். குட்டி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்தபின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

கேள்வி: தாய் இலை சுருங்கி அசிங்கமாக இருக்கிறது. பிய்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். குட்டி அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. காகிதம் மாதிரி காய்ந்ததும் தொட்டாலே கையோடு வந்துவிடும்.

கேள்வி (சேலம்): மண் கலவைக்குப் பெர்லைட், பியூமிஸ் (தண்ணீர் தேங்காமலிருக்கச் சேர்க்கும் லேசான கல் துகள்கள்) என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விலையும் அதிகம். மாற்று உண்டா அண்ணி?

பதில்: உடைந்த செங்கல்! வீடு கட்டும் இடத்தில் கேட்டாலே கொடுப்பார்கள். சுத்தியலால் தட்டி, சலித்து, தூளைத் தள்ளிவிட்டு மிளகு முதல் சுண்டல் கடலை வரையான துண்டுகளை எடுத்துக் கழுவுங்கள். அதில் இரண்டு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. குட்டிகளுக்குத் துண்டு சின்னதாகவும் கோகோபீட் ஒரு பிடி கூடுதலாகவும் இருக்கட்டும். ஆற்று மணல் இப்போது கிடைப்பதில்லை என்று எம்-சாண்டை அப்படியே போடாதீர்கள், அதிலுள்ள மாவு ஈரம் பட்டு இறுகிவிடும். சலித்துக் கழுவினால் சரி.

அப்புறம், நர்சரியிலிருந்து வரும் செடி வெறும் கோகோபீட்டில்தான் பெரும்பாலும் இருக்கும். ஈரமாக இருந்தால் காயாது, முழுக்கக் காய்ந்தால் உருண்டையாகச் சுருங்கி, ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும். வாங்கிய வாரமே அதை உதிர்த்து எடுத்துவிட்டு, வேரை இரண்டு நாள் காயவைத்து மாற்றுங்கள். மாற்றியபின் நாலைந்து நாள் தண்ணீர் வேண்டாம்.

கேள்வி: அழகான கண்ணாடிக் கிண்ணத்தில், கீழே கூழாங்கல் போட்டு வைக்கலாமா?

பதில்: துளை இல்லாத எதிலும் வைக்காதீர்கள். கூழாங்கல் போட்டாலும் தண்ணீர் வெளியே போக வழி இல்லையே.

கேள்வி (தாம்பரம்): ஜேட் செடி நம்ம ஊரில் வராது என்கிறார்கள், என் வீட்டில் புதர் மாதிரி வளர்கிறது. எப்படி?

பதில்: உங்களிடம் இருப்பது யானைப்புதர் எனப்படும் போர்ச்சுலகேரியாவாக இருக்கும். தண்டு செம்பழுப்பாக, இலை சின்னதாக இருக்கிறதா பாருங்கள். இங்கே ஜேட் என்ற பெயரில் அதையும் விற்கிறார்கள். வெயிலை நன்றாகத் தாங்கும். ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே போதும்.

கேள்வி (விருதுநகர்): அடீனியம் (பாலைவன ரோஜா) விதை போட்டேன். முளைத்துப் பத்தே நாளில் தண்டு அடியில் நைந்து சாய்கிறது.

பதில்: பூஞ்சை. மூடிபோட்ட டப்பாவில் வைத்திருந்தீர்களா? புது விதை நாலு முதல் ஏழு நாளில் முளைத்துவிடும், முளைத்ததும் மூடியை எடுத்துவிட வேண்டும். மண்ணில் உரம் அதிகம் இருந்தாலும் இப்படி ஆகும். முதல் மாதம் மண் முழுக்கக் காயவிடாமல், காலை வெயிலில் வையுங்கள். எச்சவேரியாவுக்கு நேர்மாறான செடி இது. நம்ம வெக்கையைக் கொண்டாடும், மாசி பங்குனியில் விதைத்தால் மழைக்கு முன் தண்டு பருத்துவிடும். ஐப்பசி மழையில் மட்டும் கூரைக்குள் எடுத்துவையுங்கள்.

கேள்வி (கோவை): ஹவோர்தியா என்ற குட்டி சக்குலன்ட் நடுவில் பஞ்சு மாதிரி வெள்ளை. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

பதில்: மாவுப்பூச்சி. மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள், மாலையில். மூன்று நாள் கழித்து மறுபடியும். குட்டிகளுக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். எண்ணெய் அடித்த செடியை வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும், சாம்பல் பூத்த இலைகளில் அந்தப் பூச்சும் போய்விடும். தொட்டியில் எறும்பு நடமாடினால் செடியை வெளியே எடுத்து வேரையும் பாருங்கள். எறும்புதான் இந்தப் பூச்சியைத் தூக்கி வந்து வளர்க்கும்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. திருகுகள்ளி வைக்கலாமா அக்கா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். தவறிப் பட்டுவிட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் ஓடுங்கள். அடீனியத்தின் பாலும் நஞ்சுதான்.

கேள்வி (தேனி): ஏழாவது படிக்கும் மகள் ஆசைப்படுகிறாள். எதில் தொடங்கலாம்?

பதில்: கிராப்டோபெட்டலம். சாம்பல் ரோஜா மாதிரி இருக்கும், உதிர்ந்த இலை ஒவ்வொன்றும் குட்டி போடும், எச்சவேரியா சாகும் இடத்தில் இது தாக்குப்பிடிக்கும். கார்த்திகையில் தொடங்கினால் தை முடிவதற்குள் அவளே நாலு குட்டி எண்ணுவாள். கூடவே ஒரு கணு பிரண்டையை வேலியோரம் நட்டுவிடுங்கள், அதுவும் சக்குலன்ட்தான். பறிக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். இளங்கணுக்கள் துவையலுக்கு ஆகும்.