கற்பதெல்லாம் குறிப்பேட்டோடு நின்றுவிடுகிறதே, அதைத் தொழிலாக மாற்றுவது எப்படி?

தொழில் தொடங்கும் ஆசையில் பயிற்சி வகுப்புகளுக்கும் காணொளிகளுக்கும் இவ்வளவு நேரம் செலவிட்டும் விற்பதற்கு ஒரு பொருள்கூட உருவாகவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். உங்களிடம் ஊக்கமோ அறிவோ குறைவாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கற்றுக்கொண்டிருப்பதற்காக வெளியே யாரும் காத்திருக்கவில்லை, அதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். இன்ன கிழமையில் இவ்வளவு வேண்டும் என்று கேட்கும் ஒருவர் எதிரே இருந்தால், எதை உடனே கற்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்பது தானாகவே பிடிபட்டுவிடும். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் சிப்பிக்காளான் வளர்க்கும் எனக்கு இது அனுபவத்தில் தெரிந்த செய்தி என்பதால் அதையே சொல்கிறேன்.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஒருநாள் காளான் பயிற்சிக்குப் போவதற்கு முன்பே, எங்கள் ஊர்ச் சந்தைக்கு அருகில் காய்கறிக் கடை வைத்திருப்பவரிடம் காளான் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "புரட்டாசியில வேணுமுங்க. ஆனா சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வந்து சேந்தறணும், ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்தா எனக்கு வேண்டாமுங்க" என்றார். புரட்டாசியில் கறி எடுக்காத வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குக் காளான் தேடுவார்கள். விரத நாளில் காளானையும் தொடாத வீடுகள் உண்டு என்பதால் சனிக்கிழமை பகலில் விற்பனை மந்தம். சிப்பிக்காளானோ வெளியில் வைத்தால் மறுநாளே வாடத் தொடங்கிவிடும். அவருடைய அந்த ஒரு பேச்சில் என் பாடத்திட்டம் முழுவதும் அடங்கியிருந்தது.

வகுப்பில் சொன்ன கணக்குகளை அந்தச் சனிக்கிழமையிலிருந்து பின்னோக்கி எழுதிப் பார்த்தேன். வைக்கோலையும் காளான் விதையையும் அடுக்கடுக்காகப் பையில் நிரப்புவதைத்தான் பெட் போடுவது என்பார்கள். பெட் போட்ட பிறகு பூஞ்சை இழைகள் வைக்கோல் முழுவதும் வெண்மையாகப் பரவ 15 முதல் 20 நாட்கள் ஆகும். அதன் பிறகு பையைத் துளையிட்டோ கிழித்தோ விட்டால், மொட்டுக் கட்டி அறுவடைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே புரட்டாசித் தொடக்கத்தில் காளான் வேண்டுமானால் ஆவணி முதல் வாரத்திலேயே பெட் போட்டிருக்க வேண்டும். அதற்கான விதையை ஆடியிலேயே சொல்லி வைக்க வேண்டும். அதே வகுப்பில் பால் காளான், மொட்டுக் காளான், விதை தயாரிக்கும் ஆய்வகம் என்று பலவும் கற்பித்தார்கள். எல்லாம் பயனுள்ளவை என்றாலும் ஆவணிக்குள் எனக்குத் தேவைப்படாதவை என்பதால் அவற்றை மூடி வைத்துவிட்டேன்.

தேவைப்பட்டவற்றில் முதலாவது ஈரப்பதம். நறுக்கிய வைக்கோலை ஐந்து மணி நேரம் ஊறவைத்து, நீராவியில் வேகவைத்து, ஈரம் 65 விழுக்காடு அளவில் நிற்கும்படி உலர்த்த வேண்டும் என்பது பாடம். வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது. கைப்பிடி வைக்கோலை இறுகப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். இந்தப் பக்குவம் பிழிந்து பிழிந்துதான் கைக்கு வந்தது. அடுத்தது வெப்பநிலை. காளான் விரும்பும் 23 முதல் 28 டிகிரியை எங்கள் பழைய மாட்டுக் கொட்டகை ஆவணி வெயிலில் தாண்டிவிடும் என்பதை, ஒரு வெப்பமானியை மாட்டிய அன்றே தெரிந்துகொண்டு, தரையில் மணல் பரப்பி, நனைத்த சாக்குகளைச் சுற்றிலும் தொங்கவிட்டேன்.

ஒவ்வொரு பெட்டுக்கும் எண்ணிட்டு, போட்ட தேதி, வைக்கோல் எந்தப் போரிலிருந்து வந்தது, கொட்டகையில் எந்த மூலை, கிடைத்த எடை ஆகியவற்றை எழுதி வந்தேன். சில பெட்டுகளில் பச்சைப் பூசணம் பிடித்தபோது, அவை அனைத்தும் மழையில் நனைந்த போரின் அடிப்பகுதி வைக்கோலில் போட்டவை என்பதை அந்தக் குறிப்புதான் காட்டியது. நீங்கள் எழுதும் குறிப்பேட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள்: உங்களுடையது பிறர் சொன்னதன் பதிவு, இது என் கொட்டகையில் நடந்ததன் பதிவு.

புரட்டாசி முடிந்து விற்பனை இறங்கி, காளான் மீந்தபோதுதான் உலர்த்துவதைக் கற்றேன். பத்துக் கிலோ காளான் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் தேறும் என்பதால் விலை நிர்ணயத்தையும் கூடவே கற்க நேர்ந்தது. பொட்டலமிட்டு விற்கும் நிலை வந்ததும் உணவுப் பாதுகாப்புப் பதிவு, பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டிய விவரங்கள் ஆகியவற்றைப் படித்தேன். இவற்றை முதல் மாதமே படித்திருந்தால் ஒன்றும் மனத்தில் நின்றிருக்காது.

கொட்டகை இருந்ததால் உனக்கு எளிது என்று சிலர் சொல்லக்கூடும். அது எனக்கு உதவியது உண்மையே. படிப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாகவும் யாரும் கொள்ள வேண்டாம். அந்த ஒருநாள் வகுப்பு இல்லாவிட்டால் எனக்கு எதுவுமே தொடங்கியிருக்காது. காளானுக்குச் சரி, மென்பொருள் கற்பவருக்கு இது பொருந்துமா என்றால், தெருமுனை மருந்துக் கடைக்காரருக்கு இருப்புக் கணக்கு வைக்க ஒரு சிறு செயலி செய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டு கற்பவரின் நிலையும் இதுவே.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விளைந்ததையெல்லாம் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று உறுதி கூறி, பெருந்தொகைக்குப் பயிற்சியும் விதையும் விற்பவர்கள் இருக்கிறார்கள். என் உறவினர் ஒருவர் அப்படிப் பணம் கட்டி, அறுவடை வந்த பிறகு தரம் போதாது என்ற பதிலை மட்டுமே பெற்றார். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்கு எவ்விதக் கட்டணமும் இல்லை; அதற்கே ஆயிரக்கணக்கில் வாங்கும் இடைத்தரகர்களையும் கண்டிருக்கிறேன். கற்க விரும்புகிறவரின் ஆர்வத்தையே சரக்காக்கும் இந்தப் போக்கு எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது.

அடுத்த வகுப்புக்குப் பணம் கட்டுமுன், உங்கள் பொருளை வாங்கக்கூடிய ஒருவரிடம் போய், எந்தக் கிழமை வேண்டும், எவ்வளவு வேண்டும், மீந்தால் யார் பொறுப்பு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத கடைக்கு நான் இன்றும் காளான் அனுப்புவதில்லை.