தைராய்டு மாத்திரையும் மூன்று பாசிகளும்

கேள்வி: வயது 46, எடை 62 கிலோ, ஊர் தேவகோட்டை. ஹாஷிமோட்டோ வகைத் (உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் வகை) தைராய்டு குறைபாட்டுக்கு நான்கு வருடமாக 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் போடுகிறேன். டி.எஸ்.எச். (தைராய்டு தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 3-ஐத் தாண்டியதில்லை. தைராய்டுக்கு நல்லது என்று சொந்தக்காரர் கொடுத்த கடற்பாசிப் பொடியை இரண்டு மாதமாகக் காலையில் மாத்திரையோடு ஒரு டீஸ்பூன் சாப்பிட்டேன். இப்போது டி.எஸ்.எச். 11. ஒரே அசதி, மலச்சிக்கல் வேறு. பொடிதான் காரணமா? நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் கடல்பாசியையும், குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியையும் விட்டுவிட வேண்டுமா?

பதில்: பொடியை இன்றே நிறுத்துங்கள். மற்ற இரண்டையும் விட வேண்டாம். பெயரில் மட்டும்தான் மூன்றும் ஒன்று.

கல்பாசி கடலில் விளைவதே இல்லை. பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் மரப்பாசி அது. ஒரு கிலோ கறிக்கு நாம் போடுவது ஒரு கிராம்கூட இருக்காது. தாராளமாகத் தாளியுங்கள்.

நோன்புக் கடல்பாசி என்பது அகர் அகர். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி போன்ற சிவப்புப் பாசிகளை வேகவைத்து, வடித்து, காயவைத்து எடுப்பது. பல முறை கழுவி வருவதால் அயோடின் அதில் சொற்பம். ஒரு லிட்டர் தண்ணீருக்கோ பாலுக்கோ 10 கிராம் போதும். நார் ஒன்றுகூடத் தெரியாமல் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். அரைகுறையாகக் கரைந்ததையும், ஊறவைத்ததை அப்படியேயும் விழுங்காதீர்கள். தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும். பால் சேர்த்ததென்றால் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சிக்கல் பொடியில். "தைராய்டுக்கு" என்று விற்பவை பெரும்பாலும் கெல்ப், சர்காசம் மாதிரியான பழுப்புப் பாசிகள். நமக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். கடையில் வாங்கும் அயோடின் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். மீன், பால், முட்டையிலும் கிடைக்கிறது. குளிர்கடல் கெல்ப்பில் ஒரு கிராமிலேயே ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பது உண்டு. ஒரு டீஸ்பூன் பொடி இரண்டு, மூன்று கிராம் வரும். கணக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

அயோடின் குறைந்தால் சுரப்பி தளரும் என்பது சரி. அளவுக்கு மிஞ்சினாலும் தளரும் என்பதைப் பொடி விற்பவர் சொல்வதில்லை. அயோடின் வெள்ளமாக வந்தால் சுரப்பி ஹார்மோன் தயாரிப்பதையே நிறுத்தும். நல்ல சுரப்பி சில நாளில் பழையபடி வேலைக்குத் திரும்பிவிடும். ஹாஷிமோட்டோவில் புண்பட்ட சுரப்பியால் அது முடிவதில்லை. உங்கள் எடைக்கு முழு அளவு சுமார் 100 மைக்ரோகிராம். 75-இலேயே சமாளித்தீர்கள் என்றால் மீதியை உங்கள் சுரப்பிதான் தந்துகொண்டிருந்தது. அந்த மீதிதான் இப்போது படுத்திருக்கிறது.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். மாத்திரையோடு பொடியைச் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பாசியின் நார்ச்சத்து மாத்திரையைக் குடலில் முழுதாக உறிஞ்சவிடாது. தைராக்ஸினை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டு, காபிக்குக்கூட அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

11-ஐப் பார்த்துப் பயந்து நீங்களாக மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். சுரப்பி மீண்டதும் அது அதிகமாகிப் படபடப்பு வரும். பொடி டப்பாவை உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அயோடின் எவ்வளவு என்று லேபிளில் இல்லாத பாசிப் பொடியை இனி யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நிறுத்தி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவு) பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால்தான் அளவை மாற்றும் பேச்சு. அதற்குள் முகம் வீங்கினாலோ, குளிர் தாங்காமல் போனாலோ, நாடி மிக மெதுவானாலோ எட்டு வாரம் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

வீட்டில் வேறு யாராவது அதே பொடியைச் சாப்பிட்டால் அவர்களிடமும் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர்களுக்கு அது ஆகாது. பழுப்புப் பாசியிலுள்ள ஃபியூகாய்டன் தானே ரத்தம் உறைவதைத் தடுக்கும் தன்மை கொண்டது. கர்ப்பிணிகளும் தொடக் கூடாது, வயிற்றிலிருக்கும் குழந்தையின் தைராய்டும் அதே வெள்ளத்தில் சிக்கும்.