பறக்கத் தொடங்கிய கிளிக்கு இறங்கப் பழக்குங்கள்

கேள்வி: எங்கள் வீடு கொக்குவிலில், நடுவில் முற்றம் வைத்த பழைய நாற்சார் வீடு. மகளின் பிறந்தநாளுக்கு ஒரு கொக்கட்டீல் கிளி வாங்கினோம். வாங்கும்போதே செட்டை வெட்டியிருந்தது. இப்போது இறகு முளைத்துவிட்டது. திடீரெனக் கிளம்பி அலுமாரிக் கண்ணாடியில் மோதுகிறது. திரைச்சேலைக் கம்பியில் ஏறிவிட்டால் இறங்கத் தெரியாமல் கத்துகிறது. "திரும்பவும் வெட்டிவிடு பிள்ளை, அடிபட்டுச் சாகப்போகிறது" என்கிறார் மாமி. வெட்டக் கூடாது என்று மகள் அழுகிறாள். வீட்டுக்குள் பத்திரமாகப் பறக்க இதைப் பழக்க முடியுமா? பின்னேரங்களில் தோளில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுபோகலாமா?
— ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: அன்புள்ள சகோதரி,

வெட்டாதீர்கள். மகள் கேட்பதுதான் சரி. மாமியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். ஆனால் செட்டை வெட்டிய கிளிக்கு அடிபடாது என்பது உண்மையல்ல. பயந்தால் அதுவும் கிளம்பத்தான் செய்யும். காற்று தாங்காமல் நேரே சீமெந்துத் தரையில் நெஞ்சு அடிபட விழும். நெஞ்செலும்பின் மேல் சதை குறைவு என்பதால் தோல் பிளந்து புண்ணாகும், அது ஆறுவதற்குள் மறுபடியும் விழும். பறக்கத் தெரிந்த கிளிக்கு அந்த ஆபத்துக் குறைவு.

கொக்கட்டீல் அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. தண்ணீரும் புல்விதையும் தேடி ஊர்விட்டு ஊர் பறந்து திரிகிற இனம். அதன் குஞ்சு ஏறத்தாழ ஐந்து வாரத்தில் கூட்டைவிட்டு வெளியே வரும். அதற்கடுத்து வரும் நாட்களில்தான் திரும்புவது, வேகம் குறைப்பது, கிளையைப் பார்த்துக் கால் நீட்டி இறங்குவது எல்லாம் பழகும். உங்கள் கிளிக்கு அந்த வயதில் செட்டை இருந்திருக்காது. இப்போது இறகு வந்துவிட்டது, பழக்கம் வரவில்லை. மாமரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுகிற பிள்ளையின் நிலைதான் அதற்கு. மேலே எழும்புவதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இறங்குவதையும், கூப்பிட்டால் கைக்கு வருவதையும் நீங்கள்தான் பழக்க வேண்டும்.

முதலில் இறக்கையைப் பாருங்கள். மகள் தினைக்கதிரைக் காட்டிக்கொண்டிருக்க, நீங்கள் இறக்கையை மெல்ல விரியுங்கள். நுனிப்பக்கம் பத்துப் பெரிய சிறகுகள் இருக்கும். வெட்டிய சிறகு அப்படியே நீளாது. அது உதிர்ந்து, அந்த இடத்தில் புதிது முளைக்க வேண்டும். எல்லாம் ஒரே சமயத்தில் முளைப்பதில்லை. ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் குறைந்திருந்தால் கிளி சாய்ந்து பறக்கும், நினைத்த இடத்தில் இறங்காது. புதுச்சிறகின் தண்டு கருநீலமாகத் தடித்திருந்தால் உள்ளே இரத்தம் ஓடுகிறது என்று பொருள். அது எங்காவது அடிபட்டு முறிந்தால் இரத்தம் நிற்காமல் வரும். சுத்தமான துணியில் சோளமா தொட்டு அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள். அந்தத் தண்டுகள் முற்றும்வரை பயிற்சியைச் சிறிய தாவல்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி வீடு. நாற்சார் வீட்டின் அழகே வானம் பார்த்த முற்றம்தான். கிளிக்கு அதுவே பெரிய ஆபத்து. ஆகவே வீடு முழுவதையும் அதற்கு விடாதீர்கள். கதவு பூட்டக்கூடிய ஓர் அறையைத் தெரிந்தெடுங்கள். ஓட்டு வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையில் வெளி இருக்கும். அண்ணாந்து பார்த்து அந்த இடைவெளியை வலையால் அடையுங்கள். யன்னலுக்குப் பழைய நுளம்பு வலையையே இழுத்துக் கட்டலாம். பூனை கிழிக்காத இடமாக இருந்தால் அது போதும்.

எல்லாவற்றிலும் கொடியது மின்விசிறி. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுக் கிளிகள் உயிரிழக்கும் விதங்களில் இது மிகக் கொடுமையானது, முழுக்கத் தவிர்க்கக்கூடியதும்கூட. சுழலும்போது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். நின்றிருக்கும் விசிறி கிளியின் கண்ணுக்கு உயரமான நல்ல கிளை. அது இதழில் போய் அமர்ந்திருக்கும் நேரம், வெயிலில் வந்த ஒருவர் பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்டிவிடுவார். கிளி வெளியில் இருக்கும் நேரமெல்லாம் சுவிட்சின் மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். மேசை விசிறியையும் அறைக்கு வெளியே எடுத்து வையுங்கள், அதன் கம்பி இடைவெளியில் கால் போகும். நம் ஊர் வெயிலுக்கு விசிறி இல்லாமல் மத்தியானத்தில் இருக்க முடியாது. அதனால் பயிற்சியைக் காலை வெயில் ஏறுமுன் வைத்துக்கொள்ளுங்கள். அந்நேரம் கிளிக்கும் பசி இருக்கும்.

அலுமாரிக் கண்ணாடியைப் படுக்கை விரிப்பால் மூடுங்கள். யன்னல் கண்ணாடிக்குத் திரைச்சேலை போடுங்கள். கிளி அறையைப் பழகிய பிறகு, அதைக் கையில் ஏந்திக் கண்ணாடியருகே கொண்டுபோய் விரலால் தட்டிக் காட்டுங்கள். அலகால் தானும் தட்டிப் பார்க்கும். பல நாள் காட்டினால் அங்கே வழியில்லை என்று விளங்கிக்கொள்ளும். தண்ணீர் வாளி திறந்திருக்கக் கூடாது. விழுந்தால் வழுவழுப்பான வாளியில் ஏறி வர முடியாது. குசினிப் பக்கம் கிளி போகவே கூடாது. கொதிக்கும் உலையும் எண்ணெய்த் தாச்சியும் ஒரு காரணம். ஒட்டாத பூச்சுப் பூசிய தாச்சி அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் புகை இன்னொரு காரணம். நமக்கு அது மணக்காமலே இருக்கலாம், பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். நுளம்புச் சுருளையும் சாம்பிராணியையும் அந்த அறையில் கொளுத்த வேண்டாம்.

பழக்குவதற்குத் தினையைவிடச் சிறந்த கூலி இல்லை. தினைப்புனம் காத்த வள்ளி கவணெறிந்து கிளி விரட்டிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கிளிக்குத் தினைமேல் எவ்வளவு ஆசை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தினையைக் கூட்டுக்குள் வைப்பதை நிறுத்துங்கள். உங்கள் கையில் மட்டுமே அது கிடைக்க வேண்டும். மற்ற உணவைக் குறைத்துப் பட்டினி போடக் கூடாது. நூறு கிராம் அளவே எடையுள்ள பறவை அது.

கதிரையின் முதுகில் சணற்கயிற்றைச் சுற்றுங்கள், கால் வழுக்காது. அதில் கிளியை அமர்த்தி, ஓர் எட்டுத் தூரத்தில் உங்கள் கையைக் கிளியின் மட்டத்துக்கு நீட்டுங்கள். மற்றக் கையில் தினைக்கதிர். "வா" என்று ஒரே சொல்லை ஒரே குரலில் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். தாவி வந்தால் உடனே ஒரு கொத்துத் தின்னவிட்டுக் கதிரையில் திரும்ப வையுங்கள். வராவிட்டால் தூரத்தைக் குறையுங்கள், வற்புறுத்தாதீர்கள். தாவல் உறுதியானதும் தூரத்தைச் சாண் சாணாகக் கூட்டுங்கள். கையிலிருந்து கதிரைக்கும் பறக்கப் பழக்குங்கள். சிலர் பறக்கட்டும் என்று கிளியை மேலே எறிகிறார்கள். அதனால் அது கற்பது உங்கள் கையை நம்பக் கூடாது என்பதை மட்டும்தான்.

மட்டத்தில் பறப்பது சரியாக வந்த பிறகுதான் இறங்கும் பாடம். கொய்யாக் கொப்பொன்றை அறையின் மூலையில் நெஞ்சளவு உயரத்தில் கட்டுங்கள். கிளி அங்கே இருக்க, கையை ஒரு சாண் கீழே பிடித்துக் கூப்பிடுங்கள். முதல்முறை கழுத்தை நீட்டும், குனியும், ஒரு காலைத் தூக்கிவிட்டுத் திரும்பக் கொப்பைப் பற்றும், இறக்கையைத் தோளிலிருந்து சற்று அகற்றி நடுங்கும். பேசாமல் கையை அசையாது பிடித்திருங்கள். அது தூரத்தை அளக்கிறது. ஒரு முறை துணிந்து இறங்கிவிட்டால் அன்றைய பாடத்தை அத்தோடு முடித்துவிடலாம். நாட்போக்கில் கொப்பை உயர்த்துங்கள். திரைச்சேலைக் கம்பி உயரத்திலிருந்து கைக்கு வரத் தொடங்கினால் உங்கள் கவலையில் பெரும்பகுதி தீர்ந்தது. அதற்குமுன் மேலே மாட்டிக்கொண்டால் தும்புத்தடியால் விரட்டுவதும் துவாய் எறிந்து பிடிப்பதும் வேண்டாம். ஏணி வைத்து, அதற்குப் பழக்கமான ஒரு தடியை நீட்டி ஏற்றி இறக்குங்கள்.

ஒரு தடவைக்கு ஐந்து, பத்து நிமிடம் போதும். பறக்காத பறவையின் நெஞ்சுத்தசை மெலிந்திருக்கும். அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள். கொண்டையையும் கவனியுங்கள். பாதி சாய்ந்திருந்தால் மனம் அமைதியாக இருக்கிறது. செங்குத்தாக நின்றால் எதையோ கண்டு திடுக்கிட்டிருக்கிறது. தலையோடு ஒட்டப் படிந்து சீறினால் பயமும் கோபமும், அப்போது கையை நீட்ட வேண்டாம். இதை வாசிக்க உங்கள் மகள் உங்களைவிட விரைவாகப் பழகிவிடுவாள், அவளிடமே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

இரவைப் பற்றியும் ஒன்று. கொக்கட்டீல்கள் இருட்டில் சிறு சத்தத்துக்கும் மிரண்டு கூட்டுக்குள் அடித்துக்கொள்ளும். புதுச்சிறகு முறிவது பெரும்பாலும் அப்போதுதான். மங்கலான ஒரு மின்குமிழ் இரவு முழுவதும் எரியட்டும். மின்வெட்டுக்கு மின்கல விளக்கு ஒன்று கிட்ட இருக்கட்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெடி வெடிக்கும் இரவுகளில் கூட்டை உள்ளறைக்கு மாற்றுங்கள்.

தோளில் வைத்து முற்றத்துக்குப் போவது வேண்டவே வேண்டாம், எவ்வளவு பழகிய கிளியாக இருந்தாலும். காகம் ஒன்று தாழப் பறந்தால் போதும், கூரைக்கு மேலே போய்விடும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் அது நினைத்தாலும் திரும்பி வர முடியாத தூரத்துக்கு அள்ளிக்கொண்டு போகும். வெயிலும் வெளிக்காற்றும் படட்டும் என்றால் கூட்டோடு வைத்துப் பக்கத்தில் இருங்கள், பாதிக்கூட்டுக்கு நிழல் இருக்கட்டும்.

தப்பித் தவறிப் போய்விட்டால், போன திசையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒருவர் பின்தொடர வேண்டும். அது அநேகமாக அருகிலுள்ள தென்னையிலோ பனையிலோ ஏறி அமர்ந்து கத்தும். கல்லெறியவோ மரத்தை உலுக்கவோ அயலவர்களை விடாதீர்கள். கூட்டைக் கதவு திறந்து மதிலின்மேல் தெரியும்படி வைத்து, தினையைக் காட்டி, பழகிய அந்த ஒரே சொல்லால் கூப்பிடுங்கள். இருட்டுமுன் இறங்காவிட்டால் அது உறங்கும் மரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, விடியுமுன் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் நில்லுங்கள். பசியோடு விழிக்கும் அந்நேரத்தில்தான் இறங்கிவர வாய்ப்பு அதிகம்.