ஸ்ரான்லி கப் பேச்சில் கலந்துகொள்ள எவ்வளவு தெரிய வேண்டும்?

தம்பி, ஸ்காபரோவுக்கு வந்து சில கிழமைகள்தான் என்றும், ஏப்ரல் பிறந்ததிலிருந்து வேலைத்தளத்தில் சாப்பாட்டு நேரம் முழுக்க 'கப்' பேச்சுத்தான் என்றும், யாரோ '67' என்று சொல்ல எல்லோரும் சிரித்தது உங்களுக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஆட்டத்தின் விதிகளை முதலில் படிக்கவா, அந்தக் கப்பை நேரில் பார்க்க முடியுமா என்றும் கேட்டீர்கள். அவர்கள் பேசும் கப், என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கில் வெல்லும் அணிக்குக் கொடுக்கும் ஸ்ரான்லி கப். விதியை விடுங்கள், நாலு ஆட்டம் பார்த்தால் தானாகப் பிடிபடும். அந்த மேசையில் நடப்பது பாதிக்கு மேல் பழைய கணக்கு. அதற்கு ஆண்டுகள் தெரிந்தால் போதும். முதலில் 1967, பிறகு 1993.

1967 மே 2ஆம் திகதி ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணி மொன்றியல் கனேடியன்ஸை 3-1 என்று வென்று, ஏழில் நாலு ஆட்டம் வெல்ல வேண்டிய இறுதித் தொடரை நாலுக்கு இரண்டு என்று முடித்துக் கப்பை எடுத்தது. அதற்குப் பிறகு, 2025 பருவம் வரை, எடுக்கவேயில்லை. எடுக்காதது மட்டுமில்லை, இறுதித் தொடருக்கே போகவில்லை. சிரிப்பின் காரணம் அதுதான். அன்று லீக்கில் மொத்தம் ஆறே ஆறு அணிகள், இன்று 32. அன்று ரொறன்ரோவின் கோல் காப்பாளர்கள் இருவரில் ஜோனி பவருக்கு 42 வயது, ரெறி சோச்சக்குக்கு 37. கிழட்டு அணி என்று கேலிசெய்யப்பட்டவர்கள் வென்றார்கள் என்பதால் பழைய ஆட்கள் அதை இன்னும் விட்டுவிடவில்லை.

அந்த ஆட்டம் நடந்த மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடம் கார்ல்ரன், சேர்ச் வீதிகளின் சந்தியில் இப்போதும் நிற்கிறது. கீழ்த்தளத்தில் லோப்லோஸ் பலசரக்குக் கடை. பனித்தளத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தில், சாமான் தட்டுகளுக்கு நடுவே, தரையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். பக்கத்தால் போனால் ஒருதரம் எட்டிப் பாருங்கள், செலவில்லை.

ரொறன்ரோ எத்தனை தரம் வென்றது என்று கேட்டால் ஒருவர் 13 என்பார், இன்னொருவர் 11 என்பார். சண்டைபிடிக்கத் தேவையில்லை, இரண்டும் சரி. 1918இலும் 1922இலும் இந்த அணிக்கு வேறு பெயர்கள். மேப்பிள் லீஃப்ஸ் என்ற பெயரில் வென்றவை 11. மொன்றியலுக்கு 24, எல்லாரையும்விடக் கூட. 1956 முதல் 1960 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தது அவர்கள்தான். அவர்களில் ஹென்றி றிச்சார்ட் என்ற ஒரே ஆட்டக்காரர் 11 கப் வென்றிருக்கிறார்; அந்தக் கணக்கை வேறு எவரும் எட்டவில்லை. மேசையில் மொன்றியல்காரர் இருந்தால் அவர் முன்னால் வாயைக் கொஞ்சம் அடக்கிக் கொள்ளுங்கள்.

அண்மைக் காலத்துக் காயங்களும் தெரிந்திருக்க வேண்டும். 2013இல் பொஸ்ரனுக்கு எதிரான ஏழாவது ஆட்டம்: கடைசிப் பகுதியில் 4-1 என்று முன்னால் நின்ற ரொறன்ரோ மேலதிக நேரத்தில் 5-4 என்று தோற்றது. இதைப் பகிடியாக நீங்கள் தொடங்க வேண்டாம்; அவர்கள் தொடங்கட்டும். 2004க்குப் பிறகு ஒரு தொடரையாவது வென்றது 2023இல், தம்பா பேக்கு எதிராக. 2025இல் ஒட்டாவாவை வென்று, புளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில் விழுந்தது.

1993 என்பது கனடா முழுவதற்குமான ஆண்டு. அந்த ஆண்டு மொன்றியல் லொஸ் ஏஞ்சலிஸை வென்றது. கனடிய அணியொன்று கப்பைத் தூக்கியது அதுதான் கடைசி. பிறகு இறுதிவரை போய்த் தோற்றவர்கள்: வன்கூவர் 1994, 2011, கல்கரி 2004, எட்மன்டன் 2006, 2024, 2025, ஒட்டாவா 2007, மொன்றியல் 2021. இவற்றில் 1994, 2004, 2006, 2011, 2024 ஐந்தும் ஏழாவது ஆட்டம் வரை இழுபட்டவை. 2011இல் தோற்ற இரவு வன்கூவர் நகர மத்தியில் கலவரமே வந்தது. கனடாவில் பிறந்த ஆட்டக்காரர்கள் அமெரிக்க அணிகளோடு ஒவ்வொரு வருடமும் வெல்கிறார்கள் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதல் மேசையில் எடுபடாது.

இனிக் கப்பின் கதை. ஸ்ரான்லி பிரபு கனடாவின் ஆளுநர் நாயகமாக 1888இல் வந்தவர். 1889இல் மொன்றியல் குளிர்காலத் திருவிழாவில் முதன்முதலாக ஐஸ் ஹொக்கி பார்த்தார். பிள்ளைகள் ஆடத் தொடங்க, வீடே அதில் ஊறியது. 1892 மார்ச் 18இல் ஒட்டாவாவில் நடந்த விருந்தொன்றில் அவருடைய கடிதம் வாசிக்கப்பட்டது: நாட்டின் சிறந்த அணிக்கு ஒரு கிண்ணம் தருகிறேன் என்று. லண்டனில் பத்துக் கினி (பழைய பிரித்தானிய நாணயக் கணக்கு) கொடுத்து வாங்கிய வெள்ளிக் கிண்ணம் அது, உயரம் 18.5 சென்ரிமீற்றர், விட்டம் 29. 1893இல் மொன்றியல் ஹொக்கி கழகம் முதலில் பெற்றது. தந்தவர் அதே ஆண்டு இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். அவருடைய கப்புக்காக நடந்த ஓர் ஆட்டத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

தொடக்கத்தில் இது சவால் கிண்ணம். கப் வைத்திருப்பவரை எந்த ஊர் அணியும் ஆட அழைக்கலாம், அறங்காவலர் இருவர் சம்மதித்தால் சரி. அதில் நடந்த கூத்துத்தான் டோசன் சிற்றி. யூக்கொன் தங்கச் சுரங்க ஊரிலிருந்து 1904 டிசம்பரில் ஓர் அணி ஒட்டாவாவுக்குப் புறப்பட்டது. கால்நடை, சைக்கிள், ரயில், கப்பல், திரும்பவும் ரயில் என்று கிட்டத்தட்ட 6,400 கிலோமீற்றர், மூன்று வாரங்களுக்கு மேல். வந்து இறங்கி இரண்டாம் நாளே ஆட வேண்டியதாயிற்று. முதல் ஆட்டம் 9-2, இரண்டாவது 23-2 என்று தோல்வி. இரண்டாவதில் ஒட்டாவாவின் ஃபிராங்க் மக்கீ தனியாக 14 கோல் போட்டார். கப் ஆட்டமொன்றில் அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

என்.எச்.எல். பிறந்தது 1917 நவம்பரில். அதே ஆண்டு மார்ச்சில் கப்பை முதன்முதலாக ஓர் அமெரிக்க அணி, சியாட்டில், எடுத்திருந்தது. 1927இலிருந்து என்.எச்.எல். அணிகள் மட்டுமே போட்டியில். வெற்றியாளர் இல்லாத ஆண்டுகள் இரண்டு. 1919இல் மொன்றியலும் சியாட்டிலும் ஆடிக்கொண்டிருந்தபோது ஸ்பானிய ஃபுளு ஆட்டக்காரரைப் படுக்கையில் போட, தொடர் நடுவில் நின்றது. மொன்றியலின் ஜோ ஹோல் சில நாட்களில் இறந்துபோனார். 2005இல் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரருக்கும் சம்பளத் தகராறு, பருவம் முழுக்கவே இல்லை. இரண்டு ஆண்டுகளும் கப்பில் வெட்டப்பட்டிருக்கின்றன.

மற்றப் பல விளையாட்டுகளில் ஆண்டுதோறும் புதுக் கிண்ணம் செய்து கொடுப்பார்கள். இங்கே ஒரே கப்தான் கைமாறும். வென்றவர்களின் பெயர்கள் அதிலேயே, கோயில் உபயகாரர் கல்வெட்டுப்போல, ஒவ்வொன்றாக ஏறும். உயரம் 89.5 சென்ரிமீற்றர், நிறை 15.5 கிலோ. மேலே கிண்ணம், கீழே வளையங்கள். அடியிலுள்ள ஐந்து பெரிய வளையங்களில் ஒவ்வொன்றிலும் 13 அணிகளுக்கு இடம். எழுத்து எழுத்தாக அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டுகிறார்கள். பெயர் ஏற வேண்டுமானால் ஆட்டக்காரர் பருவத்தில் பாதி ஆட்டங்களாவது அந்த அணிக்கு ஆடியிருக்க வேண்டும், அல்லது இறுதித் தொடரில் ஓர் ஆட்டம். காயப்பட்டவர்களுக்காக அணி விலக்குக் கேட்கலாம்.

ஐந்தாவது வளையம் நிரம்பினால் மிகப் பழையதைக் கழற்றி, மற்றவற்றை மேலே தள்ளி, அடியில் புதியதைப் பூட்டுவார்கள். கடைசியாக 2018இல் கழற்றியது 1954 முதல் 1965 வரையான வளையம். இப்போது மேலே இருப்பது 1966இல் தொடங்குகிறது, அதில்தான் ரொறன்ரோவின் 1967. அடியிலுள்ள வளையம் 2018இலிருந்து 13 அணி என்றால் 2030இல் நிரம்பும். அதற்கிடையில் வெல்லாவிட்டால் ஊர் ஊராகப் போகும் கப்பில் மேப்பிள் லீஃப்ஸ் என்ற பெயரே இருக்காது. இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், மேசையில் பலருக்கு அது தெரிந்திராது.

பெயர் வெட்டியதில் பிழைகளும் உண்டு. 1972இல் பொஸ்ரனின் பெயரில் இரண்டு எழுத்து மாறிக் கிடக்கிறது. 1984இல் எட்மன்டன் முதலாளி தன் தகப்பன் பசில் பொக்லிங்ரனின் பெயரையும் ஏற்றிவிட, அவருக்கும் அணிக்கும் தொடர்பில்லை என்று லீக் அதன்மேல் பெருக்கல் குறிகளைத் தட்டி மறைத்தது.

நேரில் பார்ப்பது சுலபம். ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேம், யங்-ஃபுறொன்ற் சந்தியில், 1885இல் கட்டிய பழைய மொன்றியல் வங்கிக் கட்டடத்தில் இருக்கிறது. யூனியன் நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. வாசல் வங்கிக் கதவு அல்ல, பக்கத்து புறூக்ஃபீல்ட் பிளேஸின் கீழ்த்தளத்தில். நுழைவுச்சீட்டு உண்டு. கப் மொத்தம் மூன்று. ஸ்ரான்லி வாங்கிய கிண்ணம் பழசாகி உடையக்கூடிய நிலைக்கு வந்ததால் அங்குள்ள வங்கிப் பெட்டக அறையில் நிரந்தரமாக இருக்கிறது. வெற்றியாளருக்குக் கொடுப்பது 1963இல் மொன்றியல் வெள்ளிக் கொல்லர் கார்ல் பீற்றர்சன் செய்தது. அது பயணம் போகும் நாட்களில் காட்சிக்கு நிற்பது 1993இல் செய்த பிரதி. எது நிற்கிறது என்று அறிய 1984இன் இடத்தைத் தேடுங்கள்: பெருக்கல் குறிகள் இருந்தால் கொடுபடும் கப், இல்லாவிட்டால் பிரதி. தொடலாம், படம் எடுக்கலாம். தூக்க நினைக்காதீர்கள், வென்றவர் மட்டுமே தூக்குவது வழக்கம். இளம் ஆட்டக்காரர்கள் வெல்லும்வரை தொடவே மாட்டார்கள், கை பட்டால் கிடைக்காது என்று நம்பிக்கை. வென்ற அணியில் ஒவ்வொருவருக்கும் கோடையில் ஒருநாள் கப் சொந்தம். வெள்ளைக் கையுறை போட்ட காவலர் கூடவே போவார்.

பார்ப்பதற்கு: 16 அணிகள், நாலு சுற்று, ஒவ்வொன்றிலும் ஏழில் நாலு வெல்ல வேண்டும். கப்புக்கு ஆக 16 வெற்றிகள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை இழுக்கும். இருபது நிமிடமாக மூன்று பகுதி. சமநிலையானால் இருபது இருபது நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள், முதல் கோலோடு முடியும். பெனால்ட்டி அடித்துத் தீர்ப்பதெல்லாம் வழக்கமான பருவத்தில் மட்டும். 1936இல் ஓர் ஆட்டம் மேலதிக நேரத்தில் மட்டும் 116 நிமிடம் ஓடியது. ஆகவே மேற்குக் கரை ஆட்டத்தை விடிகாலை வேலைக்கு முதல்நாள் தொடங்காதீர்கள். அது இங்கே இரவு பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்கும்.

கேபிள் எடுக்க அவசரப்படாதீர்கள். சனி இரவு ஆட்டங்கள் பல ஆண்டுகளாகக் கனடாவின் பொதுத் தொலைக்காட்சியான சீ.பீ.சீ.யில் அன்ரெனாவிலேயே வந்தன; ஒப்பந்தங்கள் மாறுவதால் அந்த வார அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த மண்ணில் ரொறன்ரோ ஆடும் பிளேஓஃப் (கப்புக்கான சுற்றுகள்) இரவுகளில் யூனியன் நிலையம் நிரம்பி வழியும். பின்னேர வேலை முடிந்து அந்த வழியால் வருபவரானால் ஒரு நிலையம் முன்னதாக, கிங்கிலோ சென்ற் அன்ட்றூவிலோ ஏறுங்கள்.