வாசகர் கேள்வி-பதில்: பாலைவன ஊரில் டேங்க் நிரம்பினால் எங்கே கொட்டுவது?

கேள்வி: மகன் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறான். வரும் ஜனவரியில் நானும் அவன் அப்பாவும் போகிறோம். வீடு மாதிரியே இருக்கும் ஆர்.வி. என்கிற வண்டியை வாடகைக்கு எடுத்து, அரிசோனா பாலைவனம் வழியாகப் பத்து நாள் சுற்றலாம் என்கிறான். வண்டிக்குள்ளேயே கக்கூஸ் உண்டாம். அது நிரம்பினால் எங்கே கொட்டுவாய் என்று கேட்டால், "அதெல்லாம் வழியில் பார்த்துக்கலாம்மா" என்கிறான். நீங்கள் அப்படிப் போய்வந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அம்மா, உங்கள் மகன் அந்த வேலையை இதுவரை ஒரு தடவைகூடச் செய்ததில்லை என்று அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. வழியில் பார்த்துக்கொள்ள அது என்ன இளநீர்க் கடையா? எங்கள் மாப்பிள்ளையும் அச்சு அசலாக இதையேதான் சொன்னார். நான், மனைவி, மகள், மாப்பிள்ளை, பேரன் என்று ஐந்து பேர். மூன்றாம் நாள் சாயங்காலம் கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, ஜன்னல் வழியே பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை மணலும் கள்ளியும்தான். அதற்கப்புறம் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

முதலில் வண்டியைப் புரிந்துகொள்ளுங்கள். அடியில் மூன்று தொட்டி இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. இரண்டாவது குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்ச் சேர்வது, அதைக் கிரே டேங்க் என்பார்கள். மூன்றாவதுதான் கதாநாயகன், பிளாக் டேங்க். வாடகை வண்டிகளில் இது பெரும்பாலும் 100 முதல் 150 லிட்டர் பிடிக்கும். ஐந்து பேருக்கு எங்களுக்கு மூன்று நாள் தாங்கியது, நீங்கள் மூன்று பேர்தான் என்றால் நாலைந்து நாள் ஓடும். நம் ஆட்கள் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறவர்கள் ஆயிற்றே, அதனால் கணக்கில் ஒரு நாளைக் குறைத்தே வையுங்கள். ஆனால் அந்தத் தண்ணீர் ஒரு வகையில் நல்லதுதான். தண்ணீரைக் கஞ்சத்தனமாக விடுகிற வெள்ளைக்காரர் டேங்கில்தான் திடக்கழிவு அடியில் இறுகி, பிறகு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

இதைக் காலி செய்கிற இடத்துக்கு டம்ப் ஸ்டேஷன் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். சிமென்ட் தரை நடுவே சரிந்திருக்கும், அங்கே ஒரு ஓட்டை, மேலே காலால் தூக்குகிற இரும்பு மூடி, பக்கத்தில் கழுவிவிட ஒரு குழாய், அவ்வளவுதான். நீலப் பலகையில் வண்டிப் படமும் கீழ்நோக்கிய அம்புக்குறியும் போட்டிருந்தால் அதுதான்.

சரி, எங்கே இருக்கும்? உங்கள் மகன் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே வருவான் என்று வைத்துக்கொள்கிறேன். வழியில் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா வருகிறது, அதன் காட்டன்வுட் முகாம் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்ச தூரம்தான், அங்கே டம்ப் ஸ்டேஷன் உண்டு. அதே பூங்காவில் பிளாக் ராக் முகாமிலும் உண்டு, ஆனால் அது வடக்குப் பக்கம், இந்த வழிக்குச் சுற்று. அப்புறம் கொலராடோ ஆற்றைத் தாண்டி அரிசோனாவுக்குள் நுழைந்தால் குவார்ட்ஸைட் என்று ஓர் ஊர். நிரந்தரமாக இருப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், குளிர்காலம் வந்துவிட்டால் லட்சக்கணக்கில் வண்டிக்காரர்கள் வந்து போவார்கள். நம் மாசிமகத்துக்குத் தேவனாம்பட்டினக் கடற்கரை இரண்டு மூன்று மாதம் கலையாமல் அப்படியே நின்றால் எப்படியோ, அப்படி. நீங்கள் போகிற ஜனவரி அங்கே உச்சம், பெரிய ஆர்.வி. கண்காட்சியும் அப்போதுதான்.

அந்த ஊருக்குத் தெற்கே லா போசா என்ற அரசு நிலம் இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே தங்கலாம், சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அங்கேயே கழிவு கொட்டவும் தண்ணீர் பிடிக்கவும் வசதி இருக்கிறது. ஓர் இரவு தங்கிப் போகிறவர்களுக்கு ஊருக்குள் தனியார் ஆர்.வி. பார்க்குகள் இருக்கின்றன, அங்கே தங்காவிட்டாலும் காசு கொடுத்தால் கொட்டவிடுவார்கள், ஆனால் சிலர் விடமாட்டார்கள். பைலட், ஃபிளையிங் ஜே போன்ற லாரிக்காரர் பெட்ரோல் பங்குகள் பலவற்றில் உண்டு. கே.ஓ.ஏ. என்ற தனியார் முகாம்களில் கேட்டுப் பார்க்கலாம். கட்டணம் பெரும்பாலும் பத்து இருபது டாலருக்குள் முடியும், சில இடத்தில் இலவசம். சானிடம்ப்ஸ், ஐஓவர்லேண்டர் என்று செல்போனில் தேடினால் வரைபடத்தில் காட்டும். ஆனால் பாலைவனத்தில் பாதி நேரம் சிக்னல் கிடையாது, அதனால் முந்தின ராத்திரியே பார்த்து எழுதிக்கொண்டு, காலையில் ஒரு போன் போட்டுத் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடச் சொல்லுங்கள். பெட்ரோலை எப்படி பாலைவனத்துக்குள் நுழையும் முன்னாலேயே நிரப்பிக்கொள்வோமோ, அப்படியே இதையும் நுழையும் முன்னாலேயே காலி செய்துகொள்ள வேண்டும். நிரம்பிய பிறகு தேடுகிறவன்தான் மாட்டுவான்.

நாங்கள் மாட்டினோம். ஒருவழியாக குவார்ட்ஸைட்டில் ஒரு பார்க்கைப் பிடித்தோம், எங்களுக்கு முன்னால் ஏழு வண்டி வரிசையில் நின்றது. எங்கள் முறை வந்ததும் மாப்பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டு, மூன்று அங்குல ஓஸ் பைப்பின் ஒரு முனையை வண்டியில் செருகி, மறுமுனையை ஓட்டையில் போட்டுவிட்டு வால்வு கைப்பிடியை ஒரே இழுப்பாக இழுத்தார். வண்டிப் பக்கத்து வளையத்தைத் திருகிப் பூட்டவில்லை. 'டொக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும், வரவில்லை. அப்புறம் நடந்ததை நான் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு ஃபர்லாங் தள்ளிப் போய் நின்றாள். பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒரு கிழவர் இறங்கிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வால்வைத் தள்ளி மூடி, வளையத்தை 'டொக்' என்று பூட்டிக் காட்டி, ஓஸின் மறுமுனை துள்ளாமல் இருக்க அதன்மேல் தன் பூட்ஸ் காலை வைத்துக்கொண்டு, இப்போது இழு என்று கையைக் காட்டினார்.

அவரிடம் கற்றதுதான் மிச்சமெல்லாம். முதலில் பிளாக் டேங்க், அது முழுதாகக் காலியான பிறகு கிரே டேங்க், அந்த சோப்புத் தண்ணீர் ஓஸைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஓஸ் முனையில் கண்ணாடி மாதிரி ஒரு வளைவுக் குழாய் கிடைக்கிறது, உள்ளே ஓடுகிற தண்ணீர் தெளிவது கண்ணுக்குத் தெரியும், தெளிந்தால் போதும். முடித்ததும் பிளாக் டேங்கில் ஒரு வாளி தண்ணீரும் கடையில் விற்கும் டேங்க் மருந்தும் ஊற்றிவிட வேண்டும், காய்ந்த டேங்கோடு கிளம்பக் கூடாது. மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு திறந்தால்தான் வேகமாக இழுத்துக்கொண்டு போகும். முகாமில் ஓஸை மாட்டிய இடத்திலேயே நாலு நாள் தங்கினாலும் பிளாக் வால்வைத் திறந்தே விட்டுவிடக் கூடாது. தண்ணீர் மட்டும் வடிந்துபோய், மற்றது உள்ளே பிரமிடு மாதிரி குவிந்துவிடும். குவார்ட்ஸைட் கல்லறையில் ஏற்கெனவே ஒரு பிரமிடு இருக்கிறது. 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் மூட்டை சுமக்க ஒட்டகங்களை வரவழைத்தபோது கூடவே வந்த ஒட்டகக்காரர் ஹாஜி அலியின் சமாதி அது, உச்சியில் ஒட்டகம் நிற்கும். அவர் பெயர் அமெரிக்கர்கள் வாயில் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. போய்ப் பாருங்கள். இரண்டாவது பிரமிடு வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம், நம் வீட்டுப் பெண்கள்தான் அங்கே சமைப்பார்கள் என்பதால் சொல்கிறேன், ஆண்கள் சமைத்தாலும் இதேதான். மீந்த சாம்பாரை சிங்க்கில் ஊற்றாதீர்கள். பருப்பு கிரே டேங்கில் படிந்து அந்த வெயிலில் புளித்தால் பிளாக் டேங்க் தேவலை என்று தோன்றும். தாளித்த கடுகும் கறிவேப்பிலையும் வால்வு இடுக்கில் உட்கார்ந்துகொண்டால் வால்வு முழுசாக மூடாது. சிங்க்கில் டீ வடிகட்டி ஒன்றைப் போட்டு வையுங்கள். அப்புறம், கூரை ஃபேனை ஓடவிட்டபடி ஃப்ளஷ் மிதியை மிதித்தால் டேங்கின் மணம் முழுவதும் வண்டிக்குள் ஏறும், மூடியை மூடி ஃபேனை நிறுத்திவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டம்ப் ஸ்டேஷனிலேயே குழாய் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதிலேயே குடிதண்ணீரும் பிடித்துக்கொண்டால் வேலை மிச்சம்தானே?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: ஓட்டைக்குப் பக்கத்துக் குழாயைத் தொடாதீர்கள் சார். உங்களுக்கு முன்னால் வந்தவன் தன் ஓஸை அந்தக் குழாய் வாயில் செருகித்தான் கழுவியிருப்பான். குடிக்க உகந்ததல்ல என்று பெரும்பாலும் எழுதியும் இருக்கும். நல்ல தண்ணீர்க் குழாய் தனியாக, பல இடங்களில் நாலடி தள்ளி இருக்கும். அதற்கென்று தனி ஓஸ் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே பெட்டிக்குள் சுருட்டிப் போடாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய பாலைவனம். மணலில் ஆழமாகக் குழி வெட்டிக் கொட்டி மூடிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? நம் ஊரில் உரம்தானே அது!
– விவசாயி, பாகூர்

பதில்: பாகூர் மண்ணை வைத்துக் கேட்கிறீர்கள். உங்கள் மண்ணில் ஈரம் இருக்கிறது, புழு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத கிருமி கோடிக்கணக்கில் இருக்கிறது, போட்டதை மக்கவைத்துவிடும். பாலைவன மண்ணில் ஈரம் இல்லாததால் அந்த வேலை மிக மெதுவாகத்தான் நடக்கும், காகிதம்கூட அப்படியே கிடக்கும். எப்போதோ ஒரு நாள் பேய்மழை பெய்தால் வறண்ட ஓடையில் எல்லாம் ஒன்றாக அடித்துக்கொண்டு போகும். அங்கே அது சட்டப்படி குற்றம், லா போசாவில் பாத்திரம் கழுவின தண்ணீரைக்கூடத் தரையில் விடக் கூடாது.

உங்கள் கேள்வி எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்துகிறது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு செப்டிக் டேங்க்கை அள்ள ஒரு லாரியைக் கூப்பிட்டேன். காசு வாங்கிக்கொண்டு உறிஞ்சிக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேட்டதற்கு டிரைவர் சிரித்தார். அன்று ராத்திரி ஊருக்கு வெளியே ஒரு வாய்க்கால் ஓரம் அதே லாரி நின்றதைப் பார்த்தேன். விளக்கை அணைத்திருந்தான், பைப் மட்டும் தண்ணீரில் கிடந்தது. நானும் ஸ்கூட்டரை நிறுத்தாமல் வந்துவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது. நாம் சென்னைக்குப் போகும்போது மதுராந்தகம் பக்கத்தில் கடக்கிற கருங்குழியில் 2017 முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது, லாரி அங்கே கொட்டிவிட்டுப் போனால் கசடைக் காயவைத்து உரமாக்குகிறார்கள். நீங்கள் சொல்கிற உரம் அதுதான், இடையில் அந்த வேலை நடந்திருக்க வேண்டும்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து வேனில் கட்டில், அடுப்பு, சின்ன கழிப்பறை எல்லாம் வைத்து மாற்றியிருக்கிறோம். புதுச்சேரியிலிருந்து ஜெய்சல்மேர் போகிறோம். நம் நாட்டில் இந்த டம்ப் ஸ்டேஷன் உண்டா?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

பதில்: அமெரிக்காவில் இருப்பது மாதிரி பலகை வைத்து, ஊருக்கு ஊர் எல்லாம் கிடையாது தம்பி. அதனால் டேங்க் வண்டி உங்களுக்கு ஆகாது, கையில் தூக்குகிற கழிப்பறைதான் ஆகும். பெரும்பாலும் இருபது லிட்டர்தான் பிடிக்கும், சூட்கேஸ் மாதிரி கழற்றிக்கொண்டு போய் எந்தக் கழிப்பறையிலும் மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிடலாம். தாபாவோ பெட்ரோல் பங்கோ, சாப்பிட்டுவிட்டு, டீசல் போட்டுவிட்டு, முதலாளியிடம் கேட்டு அனுமதி வாங்கி, ஊற்றியபின் இரண்டு வாளி தண்ணீர் அடித்து, தரையைத் துடைத்துவிட்டு வாருங்கள். கேட்காமல் செய்தால் உங்களுக்குப் பின்னால் வருகிறவனுக்குக் கதவு மூடிவிடும். அங்கே துப்புரவு செய்கிறவர் தலையில் இதைக் கட்டவே கட்டாதீர்கள், ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் சரி. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளவைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, அதற்கு முன்னால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது.

ஜெய்சல்மேர் கோட்டைக்குள் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். 1156-இல் எழுந்த கோட்டை, இன்றும் உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். மழையே இல்லாத ஊரில் தண்ணீரை வாளியில் அளந்து புழங்கியபோது நின்ற கோட்டை, குழாய்த் தண்ணீரும் ஓட்டல்களும் வந்த பிறகு அடிமண்ணில் இறங்கிய கழிவுநீர்க் கசிவால்தான் ஆட்டம் கண்டது. கீழே ஊருக்குள் அறை எடுங்கள், அங்கேயே காலி செய்துகொண்டு மணல்மேடு பார்க்கச் சாம் என்ற ஊர்ப் பக்கம் போங்கள். சாமில் ராத்திரி தங்கினால் கூடார முகாம்காரரிடம் செப்டிக் டேங்க் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்னால் கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னால், எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.