ஸ்கட் கட்டுகிறவர்களின் கேள்விகளுக்கு

மழை விட்டதும் எல்லோருக்கும் வைஸ் (ஃப்ளை கட்டும்போது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி) ஞாபகம் வந்துவிட்டது போல, இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்கட் பற்றித்தான். புதிதாக வந்தவர்களுக்கு: ஸ்கட் என்பது இறால் மாதிரியான குட்டி நீர்ப்பிராணி; ட்ரவுட் மீனுக்காக அதன் சாயலில் தூண்டில் முள்ளில் மயிரும் நூலும் வைத்துக் கட்டும் போலி இரைதான் ஸ்கட் ஃப்ளை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். 'அண்ணா வணக்கம், ஒரு சந்தேகம்' என்று மட்டும் எழுதிச் சந்தேகத்தை எழுதாமல் விட்டவர்களுக்கு என் வணக்கம்.

ஸ்கட்டுக்கு எந்த அளவு முள் வாங்குவது? (குன்னூர்)

14. இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் 12, 16. வைஸில் மாட்டும் முன்பே பார்பை (முள் நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்க்கொக்கியை) நசுக்கிவிடுங்கள். கட்டி முடித்த பிறகு நசுக்கினால் சில முள் முனையோடு உடையும், கட்டிய வேலையும் போகும்.

நான் கட்டுவது இரண்டு மீனுக்கு மேல் தாங்குவதில்லை, பிரிந்துவிடுகிறது. படம் அனுப்பியிருக்கிறேன். என்ன தப்பு? (கூடலூர்)

படம் வந்தது. மேசைவிரிப்பின் பூ டிசைன் தெளிவாகத் தெரிகிறது, ஃப்ளைதான் தெரியவில்லை. என்ன நூல், என்ன முள், முதுகுக்கு என்ன பட்டை, ஒன்றும் எழுதவில்லை. டாக்டரிடம் போய் 'வலிக்கிறது' என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்?

சரி, குத்துமதிப்பாகச் சொல்கிறேன். டப்பிங்கை (நூலில் முறுக்கி உடம்பாகச் சுற்றும் மயிரை) சுற்றிய திசையிலேயே செம்புக் கம்பியையும் சுற்றியிருப்பீர்கள். அப்படிச் சுற்றினால் கம்பி டப்பிங்குக்குள் புதைந்து ஒன்றையும் பிடிக்காது, ட்ரவுட்டின் பல் பட்டதும் எல்லாம் அவிழும். கம்பி எதிர்த் திசையில் வர வேண்டும். முதுகுப் பட்டைக்கு ஜிப் வைத்த பையிலிருந்து வெட்டிய துண்டு போதும், 14-ஆம் முள்ளுக்கு 3 மில்லிமீட்டர் அகலம். ஒரு முனையைச் சாய்வாகக் கூராக வெட்டி, அந்தக் கூர் முனையை முள்ளின் வளைவில் கட்டினால் வால் பக்கம் மொத்தமாகாது. பட்டையை முன்னால் இழுத்துக் கட்டியபின் கம்பியின் முதல் சுற்று வரும்போது அது உங்கள் பக்கமோ எதிர்ப் பக்கமோ சரியப் பார்க்கும். இடது கட்டைவிரலை மேலே வைத்து அழுத்திக்கொண்டு சுற்றுங்கள், ஐந்தாறு சுற்று. அப்புறம் ஊசியால் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் இருக்கும் மயிரைக் கீழ்ப்பக்கமாக இழுத்துவிட்டால் அதுதான் கால்கள். முள் நுனியைத் தாண்டித் தொங்கினால் கத்தரித்துவிடுங்கள். முள்ளின் கண்ணுக்கு, அதாவது நரம்பு கோக்கும் வளையத்துக்கு, பின்னால் இடம் விட்டீர்களா? விட்டிருக்க மாட்டீர்கள், யாரும் விடுவதில்லை. இரண்டு கண் அகலம் காலியாக இருந்தால்தான் முடிச்சு நிற்கும். மேலே ஒரு சொட்டு நிறமில்லாத நெயில் பாலிஷ்.

ஸ்கட் என்றால் ஆரஞ்சுதானே? வெளிநாட்டு வீடியோவில் எல்லாம் அப்படித்தான் கட்டுகிறார்கள். (கோத்தகிரி)

உயிரோடு இருக்கும் ஸ்கட் சாம்பல், பாசிப் பச்சை, வெளிர் பழுப்பு. பெரும்பாலும் செத்தபிறகுதான் ஆரஞ்சாகும். இறால் சட்டியில் விழுந்ததும் சிவப்பதற்கு என்ன காரணமோ அதேதான் இங்கும்: புரதத்தோடு ஒட்டியிருந்த நிறமி விடுபடுகிறது. அணைக்குக் கீழே நீர்மட்டம் ஏறி இறங்கும் வெளிநாட்டு ஆறுகளில் கரையில் ஒதுங்கிச் செத்தவை மறுபடி அடித்துக்கொண்டு வரும், அங்கே ஆரஞ்சு எடுபடுவதில் ஆச்சரியம் இல்லை. பெட்டியில் ஒன்றிரண்டு ஆரஞ்சு இருக்கட்டும், மீதி எல்லாம் மந்தமான நிறத்தில்.

எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒருவர் காட்டுக்கோழிக் கழுத்து தருவதாகச் சொல்கிறார். ஸ்கட்டுக்கு ஆகுமா? (ஊட்டி)

ஆகாது. முதலில் தொழில் கணக்கு: ஸ்கட்டில் கழுத்து இறகுக்கு வேலையே இல்லை. வாலுக்கு நாலு இழை வேண்டும், அதை வீட்டு நாட்டுக்கோழியே கொடுக்கும்.

இரண்டாவது, இந்தக் கேள்வி ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவரிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது, எனக்கும் பொறுமை போய்விட்டது. நம் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு அழகானதுதான், இல்லை என்று சொல்லவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் இறகின் நுனியில் மெழுகைச் சொட்டவிட்டது மாதிரி மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளிக்காகத்தான் விக்டோரியா காலத்து வெள்ளைக்காரர்கள் சால்மன் ஃப்ளைக்குக் கண் வைக்கிறேன் என்று மூட்டை மூட்டையாக இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்கள். தொப்பிக்கும் ஃப்ளைக்கும் இறகு போய்க்கொண்டே இருந்ததில் 1902-இல் பிரிட்டிஷ் அரசே பறவை இறகு ஏற்றுமதிக்குத் தடை போட வேண்டி வந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு இந்தப் பறவையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். 'ஏற்கனவே செத்துக் கிடந்தது' என்ற கதையை வனத்துறைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். நீங்கள் ஒரு கழுத்துக்குக் காசு கொடுத்தால், அதை விற்றவர் அடுத்த வாரம் இன்னொரு கண்ணி வைப்பார், அவ்வளவுதான் கணக்கு. அந்த இறகு இல்லாமல் முடியவே முடியாது என்கிற சால்மன்காரர்களுக்கே இங்கிலாந்தில் அந்தக் கோழியைப் பண்ணையில் வளர்த்து விற்கிறார்கள். பத்து அங்குல ரெயின்போ ட்ரவுட்டுக்கு உங்களுக்கு எதற்கு? விடியற்காலையில் தேயிலைச் சரிவில் அது கூவுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள், போதும்.

டப்பிங் பாக்கெட் விலை அநியாயம். இங்கே கிடைப்பதில் ஏதாவது? (கொடைக்கானல்)

மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? அங்கே முயலும் வளர்க்கிறார்கள், சோவியத் சின்சில்லா என்ற சாம்பல் இனம். முயல் வளர்க்கும் யாரிடமாவது சீவி விழுந்த மயிரைக் கேட்டு வாங்குங்கள். அடிமயிரும் மேல்மயிரும் கலந்தே இருக்கட்டும், பிரிக்காதீர்கள், முரட்டு மயிர்தான் காலாக நிற்கும். எங்கள் பக்கத்தில் நீலகிரிச் செம்மறியின் கம்பளி, மென்மையாகச் சுற்ற வரும், தண்ணீரைக் குடித்து மூழ்கும்.

இதை மட்டமாக நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் ஏவன் நதியைப் பார்த்துக்கொண்ட ஃப்ராங்க் சாயர், வீட்டில் துணி தைக்கும் கம்பளி நூலையும் கம்பியையும் வைத்துத்தான் 'கில்லர் பக்' என்ற ஃப்ளையைக் கட்டினார். அந்த நூலைத் தயாரிப்பது நின்றுபோய், அது சுற்றிய பழைய அட்டைகளைத் தேடி இன்றும் ஆட்கள் அலைகிறார்கள்.

வளைந்த முள்ளா, நேர் முள்ளா? (கோவை)

இரண்டும். ஸ்கட் கையில் எடுத்தால்தான் சுருளும், நீந்தும்போது நீண்டுகொள்ளும். அதனால் பாதியை நேர் முள்ளில் கட்டுங்கள். வளைந்ததில் கட்டும்போது டப்பிங்கை வளைவின் அடி வரை கொண்டுபோனால் முள் வாய் அடைத்துப்போகும், மீன் கடித்தும் ஏறாது. கண்ணுக்குப் பின்னால் இடம், மறுபடி சொல்கிறேன்.

நம் ஓடைகளில் ஸ்கட் இருக்கிறதா? இல்லாததை ஏன் கட்ட வேண்டும்? (ஊட்டி)

நல்ல கேள்வி, இந்த முறை வந்ததில் இது ஒன்றுதான் யோசித்துக் கேட்டது. ஸ்கட்டுக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும், அதனால்தான் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் கொழிக்கும். நம் மலை சார்னோகைட் என்ற பாறை, சுண்ணாம்பு குறைவு, தண்ணீர் மென்மை. குளிக்கும்போது சோப்பு நுரை போகாமல் நிற்கிறதே, அதுதான் சாட்சி. எனவே இங்கே ஸ்கட்டை நம்பி மட்டும் போகாதீர்கள். டீ வடிகட்டியைப் பாசிக்கு அடியில் விட்டு அலசி, வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள், பெரும்பாலும் கேடிஸ் புழுவும் மேஃப்ளை நிம்ஃபும்தான் (இரண்டும் ஓடைப் பூச்சிகளின் இளம் பருவம்) நெளியும். ஆனால் வளைந்த, மங்கலான, கால் தொங்கும் ஒரு சமாச்சாரம் அடியோடு உருண்டு வந்தால் ட்ரவுட் அது ஸ்கட்டா கேடிஸா என்று விசாரிக்காது. அந்த மீனே இந்த மலைக்குச் சொந்தமில்லை. 1860-களில் கொண்டுவரப் பார்த்துத் தோற்று, மீன் நிபுணர் வில்சன் காலத்தில் 1907 வாக்கில் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தபிறகுதான் ரெயின்போ நிலைத்தது.

ஃப்ளை மூழ்க, எடைக்கு ஈயக் கம்பி எத்தனை சுற்று? (எமரால்டு)

ஓடைக்கு எட்டு, அணைக்குப் பன்னிரண்டு. ஆனால் ஈயம் வேண்டாம், ஈயமில்லாத கம்பி வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான். அன்னங்கள் விஷமேறிச் சாகின்றன என்று பிரிட்டனில் தூண்டில் ஈயக் குண்டுகளுக்கு 1987-லேயே தடை வந்தது. கைவசம் ஈயம்தான் என்றால் பல்லால் கடித்து வெட்டாதீர்கள், முடித்ததும் கை கழுவுங்கள், குழந்தைகள் இருக்கும் மேசையில் வைக்காதீர்கள்.

கட்டி விற்பீர்களா? (பெயர், ஊர் இல்லை)

மாட்டேன்.

எங்கே போய்ப் போடலாம்? முக்குர்த்திப் பக்கம் பெரிய மீன் என்கிறார்களே. (திருப்பூர்)

முக்குர்த்தி தேசியப் பூங்கா. உள்ளே தூண்டில் என்ற பேச்சே இல்லை. மற்ற இடங்களுக்கு ஊட்டியில் மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள், காட்டுக்குள் என்றால் வனத்துறையிடமும். அனுமதிச் சீட்டு கையில் வந்தபிறகு அறை பதிவு செய்யுங்கள், அதற்கு முன்னால் அல்ல. பார்பை நசுக்கிவிட்டு வாருங்கள்.