உப்புக்காலத்துக்கு முன் ஒரு பழைய கொரொல்லா

தம்பி, நீர் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்ற ஆட்களுக்கும் விளங்கட்டும். நீர் மாங்குளம். ஊரில் ஹயஸ் வான் ஓடினவர். கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து இதுதான் முதல் பனிக்காலம். 2012ஆம் ஆண்டுக் கொரொல்லா ஒன்று, சாம்பல் நிறம், வாங்கியிருக்கிறீர். வீட்டிலேயே கழுவி மினுக்கி வைத்திருக்க ஆசை. கடையில் போத்தல் அடுக்கிய சுவருக்கு முன்னால் நின்று ஒன்றும் விளங்காமல் வெறுங்கையோடு திரும்பிவிட்டீர். அறையில் கூட இருக்கிற பெடியன் பொலிஷ் மெஷினைத்தான் முதல் வாங்க வேண்டும் என்கிறான். எதை வாங்குவது, எதை விடுவது?

வெறுங்கையோடு வந்தது நல்லது. அந்தச் சுவரில் இருப்பதில் முக்கால்வாசி உமக்குத் தேவையில்லை. தேவையான முதல் செலவு அந்தச் சுவரிலேயே இல்லை, காருக்கு அடியில் இருக்கிறது.

வன்னியில் வாகனத்துக்கு எதிரி கிறவல் புழுதியும் வெயிலும். ஏ9 காப்பெற் றோட்டு என்றாலும் உள்றோட்டில் இறங்கினால் சிவப்புப் புழுதி. வாய்க்காலிலோ கிணற்றடியிலோ நிறுத்தி, சவர்க்காரத்தைக் கரைத்து, ஸ்பொஞ்சால் தேய்த்து, பழைய சாரத்தால் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. கீறல் விழுந்ததா என்று யார் பார்த்தது? பின்னேரம் புழுதி வந்து மூடிவிடும். இங்கே புழுதி குறைவு. ஆனால் நவம்பரில் இருந்து ஏப்ரல் வரைக்கும் றோட்டில் உப்பு. ஆனையிறவுப் பக்கம் உப்புக் காற்றில் நின்ற இரும்புக் கேற்றைப் பார்த்திருப்பீர். முள்ளிவாய்க்காலில் 2009க்குப் பிறகு குவிந்து கிடந்த மோட்டார்சைக்கிள்களையும் பஸ்களையும் பார்த்த ஆட்களுக்குக் கறள் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. இங்கே அதே வேலை, கண்ணுக்குத் தெரியாமல், கதவின் அடி விளிம்பிலும் பிறேக் குழாயிலும் சில்லுக்கு மேலே வளைவுக்குள்ளேயும் நடக்கும்.

போடுவது பெரும்பாலும் சாதாரண உப்புத்தான். குளிர் மறை 10 பாகைக்குக் கீழே போகப் போக அதன் வேகம் குறைந்துவிடும். அதனால் கல்சியம் குளோரைட் போன்ற கரைசல்களையும் தெளிப்பார்கள். அது காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் சாமான், ஒட்டின இடத்தை இலேசில் காய விடாது. இன்னொன்று, இதைச் சொன்னால் சனம் நம்பாது: வெளியே உறைந்து நிற்கிற காரைவிட, வெதுவெதுப்பான நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் உப்போடு நிற்கிற கார்தான் கெதியாகக் கறள் பிடிக்கும். இரும்பும் உப்பும் தண்ணீரும் சேர்ந்து வேலை செய்யச் சூடு வேண்டும். உம்முடைய கட்டடத்தில் நிலக்கீழ்த் தரிப்பிடம் என்கிறீர். அப்படியென்றால் இது உமக்குத்தான்.

ஆகவே முதல் காசு கறள் தடுப்பு எண்ணெய்க்கு. க்ரவுன், றஸ்ற் செக் என்று இரண்டு பெயர்கள் இங்கே எல்லாருக்கும் தெரியும். அடிப்பக்கம், கதவுக்குள், பொனற்றுக்குள் எல்லாம் மெல்லிய எண்ணெயாக அடிப்பார்கள். சில இடங்களில் சின்னத் துளை போட்டு உள்ளே அடித்து பிளாஸ்ரிக் மூடி போடுவார்கள், பயப்பட வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை, பனிக்கு முன் செய்ய வேண்டும். விலை வாகனத்தின் அளவைப் பொறுத்தது, கேட்டுப் போம். அடித்த பிறகு ஒன்றிரண்டு நாளைக்கு எண்ணெய் சொட்டும், அதனால் தரிப்பிடத்தில் கீழே ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிடும், கட்டடப் பொறுப்பாளரிடம் பேச்சு வாங்காமல் தப்பலாம். அடியில் தார் போலக் கறுப்பாகத் தடிப்பாக ஒன்றை அடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். பழைய காரில் அது வெடித்து, இடுக்குக்குள் உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சரி, இனி மேற்பக்கம்.

பெயின்ரைக் கெடுப்பது பெரும்பாலும் அழுக்கு இல்லை, கழுவுகிற கை. உம்முடைய காரின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட். ஏறக்குறைய 40, 50 மைக்ரோன் தடிப்பு, தலைமயிரைவிட மெல்லிசு. காரில் ஒட்டின மணலை ஸ்பொஞ்சு பிடித்துக்கொண்டு பூச்சின் மேல் இழுத்தால் வெயிலில் தெரிகிற அந்த வட்ட வட்டக் கீறல்கள் வரும். அதனால் எந்தப் பெயர் போட்ட ஷாம்பு என்பதைவிட, பெயின்ரில் எந்தத் துணி படுகிறது என்பதுதான் பெரிய விசயம். காசைப் போத்தலில் குறைத்துத் துவாயில் போடும்.

வாங்க வேண்டியவை இவ்வளவுதான்: இரண்டு வாளி, மைக்ரோபைபர் கழுவும் கையுறை ஒன்று, துடைக்கிற மைக்ரோபைபர் துவாய்கள், ஈரம் உறிஞ்சுகிற பெரிய துவாய் ஒன்று, காருக்கென்றே செய்த ஷாம்பு ஒரு போத்தல். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான் ஷாம்பு வாளிக்குள் போட வேண்டும். வாளியின் அடியில் போடுகிற ஓட்டைத் தட்டு ஒன்று விற்கிறார்கள், மணல் அதற்குக் கீழே தங்கிவிடும், வெறும் தண்ணீர் வாளிக்கு அது ஒன்று போதும். கூரையில் தொடங்கிக் கீழே வாரும். கதவின் கீழ்ப்பாதியும் பின் பம்பரும் கடைசி. சில்லுக்குத் தனித் துணி, தனி பிரஷ். சில்லுத் துணி பெயின்ருக்கு வரவே கூடாது, பிறேக் தூள் இரும்புத் தூள்.

குசினியில் பாத்திரம் கழுவுகிற திரவம் வேண்டாம். அது கொழுப்பைக் கரைக்கச் செய்தது, காரில் பூசியிருக்கிற மெழுகையும், அதுதான் வக்ஸ், சேர்த்துக் கொண்டுபோய்விடும். ஊரில் தாரைத் துடைக்க மண்ணெண்ணெய் தொடுவோம், அதுவும் அப்படித்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடின சனம் நாங்கள், எல்லாவற்றுக்கும் அதையே தேடுவோம். இங்கே தார் கழற்றி என்று சின்னப் போத்தல் இருக்கிறது. அதைப் பாவித்தாலும் அந்த இடத்தில் திரும்ப வக்ஸ் போட வேண்டும்.

துவாயைப் பற்றி இன்னும் கொஞ்சம். கொஸ்கோவில் மஞ்சள் நிறத்தில் கட்டாக விற்கிற மைக்ரோபைபர் துணி சில்லுக்கும் உட்பக்கத்துக்கும் கதவு இடுக்குக்கும் நல்ல பெறுமதி. பெயின்ருக்கு மட்டும் கொஞ்சம் தடித்த, ஓரத்தில் கரடான தையல் இல்லாத துவாய் நாலைந்து தனியாக வாங்கும். பைக்கற்றில் ஜிஎஸ்எம் என்று ஒரு எண் போட்டிருக்கும். சதுர மீற்றர் துணியின் நிறை அது. 300 தொடக்கம் 400 வரை பொது வேலைக்கு, ஈரம் துடைக்க அதைவிடக் கூட. துணியில் தைத்திருக்கிற லேபிளை முதலில் வெட்டி எடும், அதுவே கீறும். உடுப்போடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம், பருத்திப் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். மென்மையாக்கி திரவம் போட வேண்டாம், நூல் அடைத்து உறிஞ்சாமல் போய்விடும். குறைந்த சூட்டில் காய வையும். நிலத்தில் விழுந்த துவாய் அன்றைக்குப் பெயின்ருக்கு இல்லை, சில்லுக்கு. அதில் இரக்கம் பார்க்க வேண்டாம்.

எங்கே கழுவுவது? மாடிக் கட்டடத்தில் குழாய் வசதி இராது, தரிப்பிடத்தில் கழுவவும் பெரும்பாலும் விட மாட்டார்கள். றோட்டோரம் வைத்துக் கழுவுகிற எண்ணத்தையும் விடும். றோட்டோரக் கானில் போகிற தண்ணீர் சுத்திகரிப்புக்குப் போகாமல் ஓடைக்கும் ஏரிக்கும் நேரே போகிறது. காசு போட்டு நாமே தண்ணீர் அடிக்கிற கழுவுமிடங்கள் இருக்கின்றன, அங்கே போம். அங்கே நுரையோடு வருகிற பிரஷைத் தொட வேண்டாம். உமக்கு முன்னால் வந்தவர் அதால் சேறு பிடித்த பிக்கப்பைத் தேய்த்திருப்பார், அந்த மணல் எல்லாம் அதற்குள் இருக்கும். தண்ணீர்த் துப்பாக்கி மட்டும் போதும். சில்லு வளைவுக்குள்ளும் அடியிலும் நேரம் எடுத்து அடியும், மேலே அழகு பார்த்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

பிறகு வீட்டுக்கு வந்து அலசத் தேவையில்லாத கழுவுதல். ஒப்டிமம் நோ றின்ஸ் என்ற திரவம் இதற்குப் பெயர் போனது. 30 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய ஏழரை லீற்றர் தண்ணீர், ஒரே வாளி. அதில் துவாயை நனைத்து, ஒரு பக்கமாக மெதுவாக இழுத்து, துவாயின் பக்கத்தை மாற்றி மாற்றித் துடைத்து, உலர்ந்த துவாயால் ஈரம் எடுத்தால் சரி. நிலத்தில் தண்ணீர் ஓடாது. என்றாலும் கட்டடப் பொறுப்பாளரிடம் ஒரு சொல் கேளும். உப்பும் மணலும் அப்பின காரில் இதை நேரே செய்யக் கூடாது, முதலில் தண்ணீர் அடித்துவிட்டு வந்துதான். குளிர் பூச்சியத்துக்கு மேலே ஏறுகிற நாளைப் பார்த்துச் செய்யும். இல்லாவிட்டால் கதவு றப்பருக்குள் தண்ணீர் உறைந்து அடுத்தநாள் காலை கதவு திறக்காது. றப்பருக்கு சிலிக்கன் எண்ணெய் (ஒட்டுகிற சிலிக்கன் பசை இல்லை) கொஞ்சம் துணியில் எடுத்துத் தடவி வைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

பெயின்ருக்கு மேலே காவலாகப் பூச எது நல்லது என்று, மெழுகான வக்ஸ், செயற்கைப் பூச்சான சீலன்ற், இறுகி நிற்கிற செராமிக் என மூன்றுக்கும் ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். வக்ஸில் பெயர் போன கார்னவுபா என்பது பிரேசிலில் ஒரு பனைமரத்து இலையில் எடுக்கிற மெழுகு, வடிவாக மினுங்கும், நீண்ட நாள் நிற்காது. உமக்கு ஸ்பிரேயாக வருகிற செராமிக் போதும். மெகுவையர்ஸ், ரேர்ட்டில் வக்ஸ், மதர்ஸ் எந்தக் கம்பனி என்றாலும் கனேடியன் ரயர் கடையில் மலிவு போடுகிற கிழமையில் கிடைப்பதை வாங்கும். கழுவி உலர்த்திய பெயின்ரில் மெல்லிசாக அடித்துத் துடைக்க வேண்டியதுதான். ஐந்து வருடம் நிற்கும், பத்து வருடம் நிற்கும் என்று பல நூறு டொலருக்கு யாராவது செராமிக் பூசக் கூப்பிட்டால், அது புதுக் கார்க்காரனுக்கு. உம்முடைய காரின் விலையையும் அந்தப் பூச்சின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாரும்.

ரயர் மினுக்கி வேண்டாம், அது தெறித்துக் கதவில் ஒட்டும். டாஷ்போர்ட்டுக்கு எண்ணெய்ப் பளபளப்புப் பூச வேண்டாம், வெயிலில் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசும். ஊரில் வான்காரர் அதை விரும்பிப் பூசுவது எனக்கும் தெரியும். ஈரத்துணி போதும். யன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் அமோனியா இல்லாத கண்ணாடித் திரவமாகப் பார்த்து வாங்கும்.

உள்ளே, பனிக்கு முன்னம் கரை உயர்ந்த றப்பர் விரிப்பு நாலு போடும். சப்பாத்தில் வருகிற உப்புத் தண்ணீர் அதில் தேங்கும், கழற்றிக் கொட்டலாம். காப்பெற்றில் வெள்ளையாகப் படிந்துவிட்டால் வினாகிரியும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து நனைத்து, ஈரமும் உறிஞ்சுகிற வகை வாக்குவத்தால் இழுக்க வேண்டும். வாக்குவம் சொந்தமாக வேண்டாம், கழுவுமிடத்தில் இருக்கும்.

கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யப் போவதாகவும் எழுதியிருந்தீர். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் வான் எடுத்திராத ஆளுக்கு அது வேண்டும்தானே. ஐயர் பொனற்றில் பூசுகிற சந்தனத்தைக் காயவிட்டு நகத்தால் சுரண்ட வேண்டாம், உலர்ந்த சந்தனத்தில் நறுநறு என்று தூள் இருக்கும். அன்றைக்கே ஈரத்துவாயை ஒரு நிமிசம் மேலே வைத்து ஊறவிட்டு எடும்.

இனிப் பெடியன் சொன்ன மெஷின். பொலிஷ் என்றால் கீறலை மறைப்பது இல்லை, கீறலைச் சுற்றியிருக்கிற கிளியர் கோட்டைத் தேய்த்து மட்டமாக்குவது. ஒவ்வொரு தடவையும் அந்த 40, 50 மைக்ரோனில் இருந்து கொஞ்சம் போகும், போனது திரும்பி வராது. ஊர் ரிங்கரிங் கடையில் ஒரே அச்சில் சுழல்கிற மெஷினைக் கம்பளியோடு போட்டு அடிப்பார்களே, அது கை பழகின ஆளுக்கு. பழகாத கையில் விளிம்புகளில் பெயின்ரை எரித்துவிடும். வீட்டுப் பாவனைக்கு இரட்டை அசைவு மெஷின், சுழன்றுகொண்டே ஆடும், கை ஒரிடத்தில் கொஞ்சம் தங்கினாலும் எரிக்கும் ஆபத்து குறைவு. அதோடு மெஷினில் மாட்டுகிற மென்மையான ஸ்பொஞ்சு வட்டு (பாட்) இரண்டு, நடுத்தரம் ஒன்று, மெல்லிய பொலிஷ் ஒரு போத்தல். பொலிஷுக்கு முன், காருக்கென்றே விற்கிற களிமண் கட்டியால் (கிளே பார், ஊர்க் களிமண் இல்லை) பெயின்ரில் ஒட்டினதை எடுக்க வேண்டும், தண்ணீரும் ஷாம்பும் தாராளமாகப் போட்டு. அது வசந்த காலத்து வேலை. உப்புக்கு முன்னால் மினுக்கி என்ன பலன்?

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ஒக்டோபர் முடிய முன் எண்ணெய் அடியும், விரிப்பைப் போடும், ஸ்பிரேயைப் பூசும். முன்கண்ணாடிக்கு அடிக்கிற நீலத் தண்ணீரை மறை 35 அல்லது 40 பாகை என்று எழுதினதாக மாற்றும். கோடைக்காலத்தது உறைந்து தாங்கியை வெடிக்க வைக்கும். பனிக்காலத்து நீலத் தண்ணீரில் மெதனோல் இருக்கிறது, நஞ்சு, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மேலே வைக்க வேண்டும். மெஷின் வாங்க வேண்டாம். ஏப்ரலில் றோட்டு உப்பை மழை கழுவின பிறகு கூப்பிடும், என்னிடம் இருக்கிறதைத் தருகிறேன். ஸ்பொஞ்சு வட்டை மட்டும் புதிதாக நீரே வாங்கிக்கொண்டு வாரும்.